அவல நாடகமும் அறத் தெரிவும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது நம் கண்ணமங்கலம். சற்றுத் தொலைவில் ஜவ்வாது மலைத்தொடர். இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடைபெறும் கோடை நாட்களில் இரவெல்லாம் பாரதக் கூத்து நிகழும். இளமையில் திண்ணையில் படுத்தபடியே அதன் முகவீணை ஓசையை நாம் கேட்டதுண்டு.

அக்கூத்துகளுள் கர்ண மோட்சத்திற்குக் கூடும் கூட்டம் பெரிது. கர்ணன் மாள்வான் என்பதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். ஆயினும் விடியும்வரை விழித்திருக்கிறார்கள். குந்தி வந்து, ‘நானே உன்னைப் பெற்ற தாய்’ என்று கூறித் தம்பியர் பக்கம் அழைக்கும்போது, அவன் வாழ்வதற்கு ஒரு வழி திறக்கிறது. செஞ்சோற்றுக் கடனை நினைந்து அவன் அதை மறுத்து விடுகிறான். அவன் உயிர் போனது போர்க்களத்தில். ஆனால் அவலம் நிகழ்ந்தது அந்த மறுமொழியைச் சொன்ன இடத்தில். அதைக் காணவே மக்கள் விழித்திருக்கிறார்கள்.

பாலம் இடிந்து பத்துப் பேர் மாண்டால் அது துயரம். அதை அவல நாடகம் என்று நாம் சொல்வதில்லை. வேறு விதமாகவும் நடந்திருக்கக் கூடிய ஒருவன், அறிந்தே ஒரு வழியைத் தேர்ந்து, அதன் விலையைத் தானும் கொடுத்துப் பிறரையும் கொடுக்கச் செய்யும் இடத்தில்தான் அவல நாடகம் பிறக்கின்றது. விதியே யாவும் என்றால் அங்கே நாடகம் இல்லை. நம் பெரியோர் ‘இக்தியார்’ என்று வழங்கும் தெரிவுரிமை மனிதனுக்கு உண்டு என்று கொண்டால்தான் மேடையில் நிற்பவன் மனிதனாகிறான்.

இக்கலை நம் அறிவு மரபுக்கு அயலானது என்று எண்ணுவோர் உளர். ஓரளவு உண்மையே. பக்தாதில் வாழ்ந்து கி.பி. 940இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ், அரிஸ்டாட்டிலின் கவிதையியலைச் சிரியாக் மொழியிலிருந்து அரபியாக்கினார். நாடக மேடையை அறியாத சூழலில், துன்பியல் நாடகத்தைக் குறிக்க ‘மதீஹ்’ என்றும், இன்பியலைக் குறிக்க ‘ஹிஜா’ என்றும் எழுதினார். புகழ்ப்பாவும் வசைப்பாவும் அங்கே நாடகமாயின! 1198இல் மறைந்த இப்னு ருஷ்தும் தம் விளக்கவுரையில் அச்சொற்களையே கையாண்டார். ஆயினும் அப்பேரறிஞர் ஓரிடத்தில் கருவைத் தொட்டுவிட்டார். அச்சமும் இரக்கமும் விளைவிக்கும் வரலாற்றுக்கு எடுத்துக்காட்டாக, மகனை அறுத்துப் பலியிடுமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் ஏவப்பட்டதைச் சுட்டினார். மேடையைக் கண்டிராத அறிஞர், மனிதன் தெரிவின் முன் நிற்கும் கணத்தைக் கண்டுகொண்டார் அன்றோ!

இவ்வளவும் கூறியது, தமிழில் எழுந்த ஒரு நாடகத்தை அளந்து பார்ப்பதற்காகவே. இந்திரா பார்த்தசாரதி 1974இல் எழுதிய ‘ஔரங்கசீப்’ நம் இல்லங்களில் அவசியம் படிக்கப்பட வேண்டியது. 1657இல் ஷாஜஹான் நோயுற்றதும் மூண்ட வாரிசுப் போரே அதன் களம். தந்தை தமக்கென ஒரு கறுப்புப் பளிங்கு மாளிகை எழுப்பும் கனவில் ஆழ்ந்திருக்கிறார். தாரா சமயங்கள் ஒன்றுபடும் வருங்காலத்தைக் கனவு காண்கிறார். ஔரங்கசீப் ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே மதம் என்ற உறுதியோடு நிகழ்காலத்தில் நிற்கிறார். ஜஹானாரா தாராவின் பக்கம். ரோஷனாரா ஔரங்கசீப்பின் பக்கம்.

கறுப்பு மாளிகை என்பது பயணிகள் வழி வந்த கதை, வரலாற்றறிஞர் ஏற்பதில்லை. ஆயினும் நாடகாசிரியர் அதை எடுத்தாண்டதில் நாம் குறை காணோம். மக்கள் பசித்திருக்க மாளிகை எண்ணும் மன்னனை நிறுத்தியதால், ஔரங்கசீப்பின் சினத்திற்கும் ஒரு நியாயம் கிடைத்து விடுகிறது. ஒருவரை முழு நல்லவராகவும் மற்றவரை முழுக் கொடியவராகவும் வகுக்காமை இந்நாடகத்தின் பெருஞ்சிறப்பு. வரலாறும் இதற்குச் சான்று பகரும். இன்று மகனால் சிறைப்பட்ட இதே ஷாஜஹான், 1622இல் தம் தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகக் கிளர்ந்தவர். 1628இல் அரியணை ஏறுகையில் தம்பி ஷஹ்ரியாரைக் கொல்லச் செய்தவர். தாம் விதைத்ததையே அவர் ஆக்ராக் கோட்டையில் அறுவடை செய்தார்.

எனினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒருவர் கடந்த காலம், ஒருவர் வருங்காலம், ஒருவர் நிகழ்காலம் என்று பகுத்த மாத்திரத்தில், பாத்திரங்கள் கருத்துகளின் உருவங்களாகி விடும் அபாயம் நேர்கிறது. கருத்துக்குத் தடுமாற்றம் இல்லை, மனிதனுக்கே உண்டு. ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கக் கூடிய ஔரங்கசீப்பை நாம் இன்னும் சற்று நேரம் மேடையில் காண விழைகிறோம். 1659இல் தாரா, மார்க்கத்தை விட்டவர் என்ற தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்டார். அத்தீர்ப்பு கைக்கு வருமுன் தமையனின் முகம் அவர் நினைவில் எழுந்திருக்காதா? அந்தத் தயக்கமே அவலத்தின் உயிர்நிலை.

அத்தகைய தயக்கத்திற்கும் துணிவிற்கும் வரலாறே ஒரு காட்சியை வைத்திருக்கிறது. தந்தை உயிரோடிருக்கையில் மகன் முடிசூடுவது முறையன்று என்று தலைமைக் காஜி மறுத்தார். அப்போது குஜராத்தைச் சேர்ந்த அப்துல் வஹ்ஹாப் என்பார், ஆளும் ஆற்றல் இழந்த அரசரின் அரியணை வெற்றிடமே என்று தீர்ப்பளித்துத் தலைமைக் காஜியானார், பெருஞ்செல்வமும் சேர்த்தார். அவருடைய மகன் ஷைகுல் இஸ்லாமோ தந்தையின் செல்வத்தில் தமக்கென எதையும் கொள்ளவில்லை. பின்னர் அதே பதவிக்கு வந்தபோது, பீஜப்பூர், கோல்கொண்டா ஆகிய முஸ்லிம் அரசுகளின் மீது படையெடுப்பதை ஆகுமென்று உரைக்க மறுத்துப் பதவியையே துறந்தார். ஒரே வீடு, ஒரே கல்வி, ஒரே பேரரசர். தெரிவு மட்டும் வேறு. கிதாபுகளைப் புரட்டி வாழும் நம்போன்றோருக்கு இதைவிடக் கூரிய கண்ணாடி வேண்டுமோ? நூலில் ஒரு சொல்லைத் தேடும்போது, நாம் உண்மையைத் தேடுகிறோமா, அல்லது கேட்பவரின் விருப்பத்திற்குப் பொருந்துவதைத் தேடுகிறோமா?

ஜஹானாராவையும் இங்கே நினைத்தல் தகும். 1658இல் சாமூகட் போரில் தாரா தோற்றபின், பேரரசைத் தம்பியர் நால்வரும் பகிர்ந்து கொள்ளுமாறு ஔரங்கசீப்பிடம் சென்று வேண்டினார் அவர். அது ஏற்கப்படவில்லை. வெளியே வாழ வழியிருந்தும், சிறைப்பட்ட தந்தையுடன் 1666இல் அவர் இறக்கும்வரை உடனிருந்தார். 1681இல் மறைந்து, தில்லியில் நிஜாமுத்தீன் அவுலியா தர்காவின் வளாகத்தில் மேற்கூரை இல்லாத அடக்கத்தலத்தில் துயில்கிறார். 1707இல் மறைந்த ஔரங்கசீப்பும் குல்தாபாதில் அவ்வாறே எளிய அடக்கத்தலத்தில் இருக்கிறார். இருவர் அடக்கத்தலங்களும் எளியவை. ஆனால் அவற்றை அடைந்த வழிகள் எத்துணை தொலைவானவை!

மாணவர் ஒருவர் ஒருமுறை நம்மிடம், “ஹஜ்ரத், ஔரங்கசீப் நல்லவரா, கெட்டவரா?” என்று வினவினார். நம் வீடுகளில் சிலர் அவரை வலியாக்குவர். வெளியே சிலர் அவரை அரக்கனாக்குவர். வலியாக்கினாலும் அரக்கனாக்கினாலும் அவரிடமிருந்து இக்தியாரைப் பறித்து விடுகிறோம். வலி தவறவே மாட்டார். அரக்கன் திருந்தவே மாட்டான். கேள்வி கணக்குக்கு நிற்க வேண்டியவன் மனிதன் மட்டுமே. ஆகவே அம்மாணவரிடம், “தீர்ப்பு இறைவனுடையது. அவர் நின்ற இடத்தில் நீர் நின்றால் எதைத் தேர்ந்திருப்பீர் என்று எண்ணிப் பாரும்” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

நல்ல அவல நாடகம் நம்மிடம் கேட்பதும் இந்த மௌனத்தையே. இந்திரா பார்த்தசாரதியின் நாடகம், நாம் சுட்டிய குறையோடும், அதை நமக்குத் தருகிறது. நம் இளைஞர்கள் அதைப் படிப்பார்களாக. படித்தபின் உடனே பேசாதிருப்பார்களாக.