யானைக்கு வெறி பிடிக்கும் வரி

‘ரோம்: டோட்டல் வோர்’ 2004இல் வெளிவந்த கேம். அதற்குள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது, நோட்பேடிலேயே திறந்துவிடலாம். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் சில வரிகள்: தாக்கும் வலு, கவசம், மனத்திடம், பராமரிப்புச் செலவு. யானைப் படைக்கு வந்ததும், பண்புகளை அடுக்கிச் சொல்லும் வரியில் ‘கேன் ரன் அமொக்’ என்று இருக்கும். வெறிபிடித்து ஓடக்கூடியது என்று பொருள். அதை மட்டும் அழித்துவிட்டுக் கேமை ஓட விட்டால், களத்தில் நிற்பது யானையாக இராது. உடம்பு பெருத்த, சொன்னதைக் கேட்கும் ஒரு குதிரைதான்.

அந்தப் பண்பு வரி முழுவதும் களத்தில் செய்கிற வேலையைப் பாருங்கள். யானை கிட்ட வந்தாலே எதிரியின் காலாளும் குதிரையும் கலங்கும். அவர்கள் தீ அம்பு விட்டால் யானை கலங்கும். பாகனின் கட்டை மீறி, நம்முடைய ஈட்டிக்காரர்களையே மிதிக்கத் தொடங்கும். அப்போது ஒரு பொத்தானை அழுத்தி யானையைக் கொன்றுவிடலாம். இது கேம் செய்தவர்களின் கற்பனை அல்ல. கி.மு. 207இல் மெட்டோரஸ் ஆற்றங்கரைப் போரில் கார்த்தேஜ் பாகர்கள் உளியும் சுத்தியலும் வைத்திருந்து, கட்டுமீறிய யானைகளைக் கொன்றார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். அழுத்துவதா, எதிரிக் கூட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் ஓட விடுவதா? அந்தச் சில நொடிகளில் வரலாறும் விளையாட்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன.

வரலாற்றை விளையாட்டாக்கும் கலையின் உச்சம் எனக்கு இதுதான். ஆபத்து இருக்கிறது என்பது யானையைப் படையில் சேர்க்கும்போதே ஆட்டக்காரனுக்குத் தெரியும். தெரிந்தும் சேர்க்கிறான். பிறகு வருவதெல்லாம் அவனுடைய தீர்மானத்தின் விளைவு. பழங்காலப் போரைப் பற்றிய உண்மை ஒன்றை, கேமின் கோப்புகளைத் திருத்தி ‘மொட்’ என்னும் மாற்று வடிவம் செய்கிறவர் உள்ளே கொண்டுவரும்போது, அது ஆட்டக்காரனின் கையில் ஒரு தெரிவாக வந்து சேர வேண்டும். அவனுடைய நேரத்தைத் தின்பதாக மட்டும் வந்தால் அதில் சுவை இல்லை.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் இருந்துகொண்டு யானைப் படையைச் சும்மா ஒரு படமாகப் பார்க்க முடியாது. இலங்கை யானைகள் கலிங்க மன்னனுக்குக் கப்பலில் போனதைப் பண்டைய எழுத்தாளர் ஏலியன் குறித்திருக்கிறார். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் யாழ்ப்பாணம் வரை நடத்திச் செல்லப்பட்டு விற்கப்பட்டன. மகாவம்சம் சொல்லும் விஜிதபுர முற்றுகையைப் பாருங்கள்: மன்னன் துட்டகைமுனுவின் கண்டுல யானை கோட்டை வாசலை முட்டுகிறது, மேலிருந்து கொதிக்கும் கீல் ஊற்றுகிறார்கள், அது வேதனையில் ஓடித் தண்ணீரில் இறங்குகிறது, மருந்திட்டுத் தோல் போர்த்திய பிறகு திரும்பவும் வாசலுக்கு வருகிறது. காவியத்தில் மிகை இருக்கட்டும். பயம், காயம், ஓட்டம், மீட்சி என்ற நான்கையும் வரிசையாகச் சொல்கிற அந்தப் பகுதியை மொட் செய்கிற எவரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

‘ரோம்’ கேமின் மூல வடிவத்தில் பிழைகளும் நிறைய. கிளியோபாட்ராவின் தாலமி வம்சம் மக்கெடோனிய நீள ஈட்டிப் படையை வைத்திருந்த காலத்தில், கேமின் எகிப்தியர் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பாரவோன் காலத்து வேடத்தில் ரதம் ஓட்டி வருவார்கள். இதைப் பொறுக்காத ரசிகர்கள்தான் ‘ரோம் டோட்டல் ரியலிசம்’, ‘யூரோப்பா பார்பரோரம்’ போன்ற மொட்களைச் செய்தார்கள். எகிப்தியரின் உடை திருந்தியது. படைகளின் நடை நிதானமானது. மூலக் கேமில் சில நிமிடங்களில் கரைந்துபோகும் வரிசைகள் இவற்றில் நின்று பிடித்தன. பின்னால் வைத்திருந்த துணைப்படையை எப்போது இறக்குவது என்று யோசிக்க நேரம் கிடைத்தது.

‘யூரோப்பா பார்பரோரம்’ சில இடங்களில் அளவு மீறியது என்பதையும் சொல்ல வேண்டும். படைப்பிரிவுகளுக்கு அந்தந்த இனத்தின் பழைய மொழியிலேயே பெயர். புதிதாக வருகிறவருக்கு எது ஈட்டிப்படை, எது வில்படை என்று பிடிபடவே நாளாகும். ஆனாலும் அதில் ஒரு ஏற்பாட்டுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிப்பேன். தூரத்து மாகாணம் ஒன்றைப் பிடித்தால், அங்கே உங்கள் தாய்நாட்டுப் படைகளை நினைத்தபடி திரட்ட முடியாது. எந்த வகை ஆட்சியை அங்கே நிறுவுகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் ஆள் கிடைக்கும். உள்ளூர்க்காரரை நம்பியே ஆக வேண்டும். எல்லை விரிய விரியப் படையின் முகம் மாறிக்கொண்டே போகும். பேரரசு என்பது உள்ளுக்குள் எப்படி இயங்கியது என்று ஒரு பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன ‘ரோம்’ கோப்பில் இன்னும் இரண்டு சின்ன வரிகள் உண்டு. ஒன்று வெயிலில் படை எவ்வளவு களைக்கும் என்பது. மற்றது புதர், மணல், காடு, பனி என்ற நிலங்களில் அதன் வலு எவ்வளவு கூடும், குறையும் என்பது. எங்கள் ஊரான உயிலங்குளத்து வயல்வெளியில் நடந்தவருக்கு அந்த வரிகளின் அருமை தெரியும். கோடையில் வெடித்து இறுகிக் கிடக்கும் இந்த நிலம், மாரி மழை விழுந்து கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரும் வந்து சேர்ந்தால் காலை இழுக்கும். பாரக் கவசப் படை ஒன்று கார்த்திகை மாதத்தில் மாந்தைத் துறையில் இறங்கி உள்நாட்டுக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். சேறு எத்தனை அங்குலம் என்று கேமில் அளந்து காட்டத் தேவையில்லை. அந்தப் பருவத்தில் இறங்கினால் களைப்பு இரட்டிப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். எப்போது கடல் கடப்பது என்பதே பெரிய போர்த்தந்திரம் ஆகிவிடும்.

தமிழர் இத்தகைய கேம்களுக்குள் வந்த வழியும் மொட் வழிதான். ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்தபோது இந்தியர் என்றே ஒரு தரப்பு இல்லை. 2012இல் ரசிகர்கள் செய்த ‘ஃபொர்கொட்டன் எம்பயர்ஸ்’ என்ற மொட் இந்தியரைச் சேர்த்தது. மறுவருடமே அது அதிகாரபூர்வ விரிவாக்கமானது. 2022இல் ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ அந்த ஒற்றை இந்தியரைப் பிரித்தபோது திராவிடர் தனித் தரப்பாக, ராஜேந்திர சோழனின் போர்த்தொடரோடு வந்தார்கள்.

அந்தத் தரப்பில் நான் ரசிக்கும் அம்சம் ஒரு இல்லாமை. கவசக் குதிரைவீரர் வரிசையே அவர்களுக்குக் கிடையாது. தமிழகத்தில் நல்ல குதிரை வளரவில்லை, கடல் வழியாக வந்தவையும் தங்கவில்லை. பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகள் மடிந்துபோனதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றை ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கட்டடத்துப் பட்டியலில் இடத்தைக் காலியாக விட்டே சொல்லிவிட்டார்கள். அந்தக் குதிரை வரிசை இல்லாததால் ஆட்டக்காரன் தானாகவே கப்பலுக்கும் காலாளுக்கும் யானை வில்லாளிக்கும் போகிறான்; சோழன் போன வழி அதுதான். சுருள்வாள் வீரர்களை மட்டும் என் மனம் முழுதாக ஏற்கவில்லை. தோளோடு தோள் உரசி நிற்கும் படைவரிசையில் சுருள்வாளைச் சுழற்றினால் முதலில் வெட்டுப்படுவது பக்கத்தில் நிற்பவன். ஆனால் ஒரே வீச்சில் பலரைத் தாக்கும் அந்தப் பாய்ச்சல் விளையாடச் சுகமானது, கண்டதும் அடையாளம் தெரிகிறது. அந்த அளவு சலுகையைக் கொடுக்கலாம்.

சலுகையே கொடுக்க விரும்பாத இடமும் எனக்கு உண்டு. ‘ரோம்’ கேமில் நகரம் ஒன்றைப் பிடித்ததும் மூன்று பொத்தான்கள் வரும்: குடியேறு, அடிமைப்படுத்து, அழித்துவிடு. எங்கள் உள்நாட்டுப் போரின் நடுவே, 2002க்குப் பிந்திய சமாதான காலத்தில், போரிட்ட இரண்டு தரப்புகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையே வாசலாக நின்ற ஊர் உயிலங்குளம். பிறகு மீண்டும் சண்டை, மீண்டும் இடம்பெயர்வு. இந்த ஊரில் இருந்துகொண்டு மூன்றாவது பொத்தானை ஒருநாளும் நான் அழுத்தியதில்லை. அந்தப் பொத்தானின் பின்னால் இன்னும் விரிவான, இன்னும் மெய்யான காட்சி வேண்டும் என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். நகரத்தின் சனத்தொகை எண் விழுவதும், அதனால் வரி குறைவதும் போதும்.

இதுவரை எந்த மொட்டிலும் நான் காணாத, கட்டாயம் காண விரும்பும் ஒன்று கூலிப்படையின் மனம். கேம்களில் பணம் கொடுத்தால் கூலிப்படை யாரோடும் மோதும். உண்மையில் அப்படி இல்லை. 1070இல் பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்ட இலங்கை மன்னன் விஜயபாகு, பின்னர் சோழநாட்டின் மீதே படையெடுக்க ஆயத்தமானபோது, அவனுடைய கூலிப்படையான வேளைக்காரப் படையினர் சோழரோடு போரிட மறுத்துக் கலகம் செய்தார்கள். இதை மொட்டில் கொண்டுவருவது கடினமல்ல; குறிப்பிட்ட நிபந்தனையில் கலகப் படையைத் தோற்றுவிக்கும் கட்டளை டோட்டல் வோர் ஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. செய்கிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. வேளைக்காரரைச் சேர்க்கும் பலகையிலேயே, இவர்கள் சோழர்மேல் வாள் எடுக்கமாட்டார்கள் என்று எழுதிவிட வேண்டும். மலிவான, வலுவான, விசுவாசமான காவற்படை அது. தெற்கே எவரோடும் போரிட அதை நம்பலாம். பாக்குநீரிணையைக் கடக்கும் ஆசை இருந்தால், முதல் நாளே வேறு படை தேட வேண்டும்.