வாசல் தோரணமும் ஒரு மாணவனின் கண்ணீரும்

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்றதுமே ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதைதான் பலருக்கும் ஞாபகம் வரும். மேடையில் பேசுகிறவர்களும் அதைத்தான் பேசுவார்கள். அது தவறில்லை. ஆனால் அந்நூலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது என்பது அடியேன் கருத்து. துக்கம், சமய நம்பிக்கை, அன்றாட வாழ்வில் எதிர்ப்படும் வியப்பு ஆகிய மூன்றையும் ஒரு மனிதர் எப்படித் தாங்கினார் என்று சொல்லும் நூல் அது.

என்னைப் பற்றி இரண்டு வரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். புனே ரவிவார் பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திர வியாபாரம். தமிழ் படித்ததெல்லாம் கடை மூடின பிறகுதான். இங்குள்ள மார்வாடி, குஜராத்தி ஜைனர்கள் என்னை மதராசி என்பார்கள். நம்மவர்களோ, “நீங்க சேட்டா?” என்று கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி காலமானாள். அதற்குப் பிறகு இந்நூலை இரண்டு முறை முழுக்கப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பில் விளைந்தது.

ஐயர் 1855-இல் பிறந்தவர். எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 1940-இல், ஆனந்த விகடனில் தம் கதையை எழுதத் தொடங்கினார். 122 அத்தியாயங்கள் வந்தன. 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. நூலாக வெளிவந்தது 1950-இல்.

முதலில் துக்கம். ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறையில் 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி காலமானார். மாணவருக்கு அப்போது இருபத்தொரு வயதுகூட நிறையவில்லை. ஆசிரியரின் இறுதி நேரத்தில் பக்கத்திலிருந்து திருவாசகம் படித்தவர் அவரே. கூட இருந்து பணிவிடை செய்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர். இதை எழுதும்போது அறுபத்து நாலு வருஷம் கழிந்திருந்தது. இருந்தும் அந்தப் பக்கங்களில் ஈரம் காயவில்லை. அலங்காரமோ ஒப்பாரியோ கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறார். சோகத்தை எழுதுவதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு ஜைனனுக்குச் சங்கடம் வருகிறது. எங்கள் சாஸ்திரத்தில் சோகம் என்பது மோகனீய கர்மத்தைச் சேர்ந்தது. நோகஷாயங்கள் ஒன்பதில் அதுவும் ஒன்று. உயிரைக் கட்டும் கயிறு என்று பொருள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களும், “எல்லாம் அநித்தியம், அழக்கூடாது” என்பார்கள். சரிதான், ஆனால் அழாமல் இருக்கிறவன் அப்புறம் என்ன செய்வது? அதே சாஸ்திரம் அகத் தவம் ஆறு என்று சொல்லி, அதில் வையாவிருத்தியம் என்ற பணிவிடையையும், ஸ்வாத்யாயம் என்ற நூல் ஓதுதலையும் வைத்திருக்கிறது. சவேரிநாத பிள்ளை செய்தது முதலாவது. ஐயர் வாழ்நாள் முழுதும் செய்தது இரண்டாவது. துக்கத்தைத் துரத்தாமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

அடுத்தது நம்பிக்கை. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு ஐயரைத் திகைக்க வைத்தது பிரசித்தம். உரையோடு முழு நூலும் அச்சேறாதிருந்த காலம் அது. சோழ மன்னன் மனத்தைச் சிந்தாமணியிலிருந்து திருப்பவே பெரியபுராணம் பாடப்பட்டது என்பது சைவ மரபு. அந்த மரபில் ஊறியவர், திருநீற்றுக் கோலத்தோடு ஜைனர் வீட்டுப் படியேறிச் சந்தேகம் கேட்டார். சமயப்பற்று தளர்ந்ததால் அப்படிச் செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. நூலில் எங்கேயும் அவருடைய சைவம் தளரவில்லை. தன் காலில் உறுதியாக நிற்கிறவனுக்குத்தான் அடுத்தவன் வீட்டு வாசலில் கூச்சம் இராது. ஜைனர்கள் அவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்றார்கள். முக்திக்குத் தகுதியுள்ள உயிர் என்று அர்த்தம். மதம் மாறச் சொல்லாமல் தரப்பட்ட பெரிய பட்டம் இது.

மூன்றாவது வியப்பு. ஒருநாள் கும்பகோணத்தில் ஒரு ஜைனர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், ஆறு மாதமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். தாம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் நூல் இங்கே ஒரு வீட்டில் பாராயண நூலாக இருக்கிறதே என்று மலைத்துப் போகிறார். நம் புனேயில் ஞானேஸ்வரி பாராயணம் செய்கிறார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடு கிடைத்த இடங்களைவிட இந்த இடத்தையே நூலின் சிகரமாகக் கருதுகிறேன். அழிந்துவிடும் என்று அவர் அஞ்சிய ஒன்று, ஒரு குடும்பத்தின் அன்றாட வழக்கத்தில் சத்தமில்லாமல் வாழ்ந்திருக்கிறது. 1887-இல் வந்த சிந்தாமணிப் பதிப்புக்கு அந்த வீடும் ஒரு மூலம்தான்.

குறையும் சொல்லவேண்டும். இந்நூலில் வீட்டுப் பெண்களின் துக்கம் பெரும்பாலும் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. மராத்தியில் லக்ஷ்மிபாய் திலக் எழுதிய ‘ஸ்ம்ருதி சித்ரே’யை (1934 முதல் பகுதி பகுதியாக வந்தது) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கவிஞரான கணவர் நாராயண வாமன் திலக் 1895-இல் கிறிஸ்தவரானபோது அந்த அம்மாள் பட்ட வேதனை, பிறகு தாமே 1900-இல் ஞானஸ்நானம் பெற்றது, இவற்றோடு அடுப்படிச் சிரிப்பும் அதில் உண்டு. முறையான பள்ளிப் படிப்பில்லாத ஒரு பெண் உள்ளிருந்து திறந்த கதவு அது. ஐயர் வாசல்வரை அழைத்துப் போகிறார். உள்ளே லக்ஷ்மிபாய் அழைத்துப் போகிறார். நமக்கு இரண்டும் வேண்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதில் விழுகிறது, கண்ணில் படிவதில்லை. ‘என் சரித்திர’த்தை இரவில் ஒரு அத்தியாயமாக யாராவது உரக்கப் படியுங்கள். 122 அத்தியாயம், நாலே மாதம். பூர்த்தியாகிற அன்று வாசலில் மாவிலை கட்டுங்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரர், இன்றைக்கு என்ன பண்டிகை என்று கேட்பார். பதிலைப் பிள்ளைகளே சொல்லட்டும்.