முனையோடு முனை

சின்ன மரக்கடைசல் லேத் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, எத்தனை ஹெச்.பி. மோட்டார், எவ்வளவு நீளக் கட்டை ஏறும் என்பதைத்தான். இரண்டுமே விலைப்பட்டியலில் அச்சாகியிருக்கும், கேட்கவே வேண்டாம். விலைப்பட்டியலில் ஏறாத சங்கதிகள் சில உண்டு. கையைக் கடிக்காத விலையில் நல்ல லேத்தும் வெறும் இரும்பும் பிரிவது அங்கேதான். பார்க்கத் தெரிந்தவருக்கு அவை ஒவ்வொன்றும் ஓர் அழகு.

கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை, எதிரே நின்று கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை செருகுங்கள். டெயில்ஸ்டாக்கை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டும் தொடப்போகும் கடைசி மயிரிழையில் நிறுத்துங்கள். மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை. இரண்டு பார்வைக்கும் முனையோடு முனை நேராக நின்றால், பட்டறையில் யாரோ அக்கறையோடு இழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மத்துக்கோல், தொட்டில் கட்டை போன்ற நீளச் சாமானில் அரை மில்லிமீட்டர் விலகல் தெரியாமலே போகலாம். பேனாவுக்கு டெயில்ஸ்டாக்கிலிருந்து துளை போடும்போது தெரிந்துவிடும். துளையின் வாய் அகன்று போகும். ஹெட்ஸ்டாக்கைத் திருப்பி வைக்கும் வசதியை விற்பவர் பெருமையாகக் காட்டுவார். திருப்பிக் காட்டியதும், பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு முனைகளையும் இன்னொரு முறை சேர்த்துப் பாருங்கள்.

அந்த முனை உள்ளே நிற்கும் விதம் தனி ரசனைக்குரியது. திருகு இல்லை, ஆணி இல்லை. ஏறக்குறைய 20-க்கு 1 என்ற சரிவில் மெலிந்துகொண்டே போகும் எஃகுத் தண்டு, அதே சரிவில் கடைந்த துளை, அவ்வளவுதான். லேசாகத் தட்டிவிட்டால் உராய்வே இறுகப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. மோர்ஸ் டேப்பர் என்பார்கள். எந்த நாட்டில் செய்த 2-ஆம் எண் முனையும் எந்த நாட்டு லேத்தின் 2-ஆம் எண் துளையிலும் உட்காரும். மிக மலிவான லேத்துகளில் 1-ஆம் எண் இருக்கும். அதன் தடித்த பக்கம் 12 மி.மீ., 2-ஆம் எண்ணுக்கோ ஏறக்குறைய 18. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் 2-ஆம் எண்ணே வாங்கத் தகுந்தது. ஹெட்ஸ்டாக்கில் முனையைக் கழற்ற, பின்னாலிருந்து ஒரு கம்பியை விட்டு ஒரு தட்டு தட்டினால் போதும். டெயில்ஸ்டாக்கில் அதுவும் வேண்டாம். கைச்சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் சின்னதாக ஒரு முட்டல், முனை விடுபட்டுக் கைக்கு வந்துவிடும். இவ்வளவு சுத்தமான வேலையை ஒரு திருகு செய்யாது.

அடுத்து, ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்திருக்கும் அடித்தளமான ‘பெட்’டை ஓர் இரும்புக் கம்பியால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று ஒலி அடங்கினால் கனத்த வார்ப்பிரும்பு. கணீரென்றால் குழாயோ மடித்த தகடோதான். கணீர் ஓசை கோயில் மணிக்கு அழகு, லேத்துக்கு ஆகாது. வார்ப்பிரும்புக்குள் செதில் செதிலாகப் படிந்திருக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடும். விழுங்காத அதிர்வு உளி வழியாகப் போய், மரத்தின்மேல் வரிவரியாக விழும். உப்புத்தாளைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும்.

வேகத்துக்கு ஒரு நல்ல உதாரணம், ஜெட் நிறுவனத்தின் ஜேஎம்எல்-1014 என்ற சின்ன லேத். படிப்படியான இரண்டு புல்லி, ஒரு பெல்ட், அரை ஹெச்.பி. மோட்டார். நிமிடத்துக்கு 500, 840, 1240, 1800, 2630, 3975 சுற்று என ஆறு வேகம். ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு இறக்கினால் சுற்று குறையும், முறுக்கு கூடும். கிண்ணம் கடையத் தேவை அதுதான். 500-ஐப் பார்த்து மந்தமென்று நினைத்துவிட வேண்டாம். 25 செ.மீ. கிண்ணத்தின் விளிம்பு அப்போதே நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 390 மீட்டர் ஓடுகிறது. 2 செ.மீ. பம்பரத்தின் விளிம்பு அவ்வளவு ஓட, 6,000 சுற்றுக்கு மேல் வேண்டும். அதனால் லேத் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதைவிட, எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்று கேட்பதே விவரம்.

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நெருடினால் உளியும் அங்கே தடுக்கும். இதற்காக லேத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு தட்டை அரத்தால் ராவி, மெழுகுவத்தியைத் தேய்த்தால் சரியாகிவிடும். சுற்று எண்ணிக்கையைக் காட்டும் டிஜிட்டல் பலகை, பளபள பெயின்ட் இதற்கெல்லாம் நான் ஒரு ரூபாய் கூடத் தர மாட்டேன்.

உடுப்பிலும் கவனம் வேண்டும். கயிற்றை ஒருவர் இழுக்க இன்னொருவர் கடைந்த பழைய கடைசல் பட்டறையில் கட்டை முன்னும் பின்னும் சுற்றியது. உளி வெட்டியது ஒரு பக்கச் சுற்றில் மட்டும். வேட்டி, துண்டோடு அப்படிக் கடைந்தார்கள். ஆனால் மோட்டாருக்கு முன்னால் தொங்கும் துணி கூடவே கூடாது.

எடுத்து வைத்த பணம் முழுவதையும் லேத்திலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது உளிகளுக்கும், அவற்றைத் தீட்டும் சாணைக்கும் இருக்கட்டும். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை ‘சக்’கை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம். முகக்கவசத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். லேத் வீட்டுக்கு வரும் அன்றே அதுவும் வந்தாக வேண்டும்.