பேசாப் படமும் மெய்ப்பாடும்

ஒலியில்லாத பழைய திரைப்படங்களை ‘ஊமைப் படம்’ என்று கூறுவது பெருவழக்கு. அப்பெயர் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. அப்படங்களில் வரும் மாந்தர் பேசுகின்றனர், சினக்கின்றனர், பண்டங்களைக் கூவி விற்கின்றனர். அவர்தம் இதழ்கள் அசைகின்றன. அப்பேச்சு காண்போர் செவிக்கு எட்டவில்லை, அவ்வளவே. ஆகவே திரையில் தோன்றுவோர் ஊமையர் அல்லர். படம் ஓடி முடியும் வரை காண்போரே செவிடராகின்றனர்.

இந்நுட்பத்தையே கதையின் அச்சாகக் கொண்ட படம் ஒன்று உண்டு. சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்த ‘சிட்டி லைட்ஸ்’ என்பதே அது. ‘நகர விளக்குகள்’ எனலாம். 1931 சனவரித் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1927இல் ‘ஜாஸ் சிங்கர்’ வெளிவந்த பின், அமெரிக்கப் பட நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசும் படத்திற்கு மாறிவிட்டன. 1928இன் இறுதியில் படப்பிடிப்பைத் தொடங்கிய சாப்ளின் மட்டும் மாறவில்லை. தாமே அமைத்த இசையைப் படத்தோடு சேர்த்தார், பேச்சைச் சேர்க்கவில்லை. அதனோடும் அமையாமல், முதற்காட்சியிலேயே பேசும் படத்தை எள்ளி நகையாடினார். சிலைத் திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் சொற்பொழிவாற்றுகின்றனர். கேட்பதோ பொருளற்ற கீச்சொலி.

இதனைப் பழமையில் கொண்ட பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் எளிது. கதையை ஊன்றி நோக்கினால் அவ்வாறு தள்ள இயலாது.

தெருமுனையில் பூ விற்கும் கண்ணற்ற இளம்பெண் ஒருத்தி. காவலன் கண்ணில் படாமல் தப்ப எண்ணிய நாடோடி, நெரிசலில் நின்ற கார் ஒன்றன் ஒரு கதவால் ஏறி மறு கதவால் இறங்குகிறான். கதவு சாத்தப்படும் ஓசை கேட்ட அப்பெண், செல்வர் ஒருவர் இறங்கினார் என்று கருதிப் பூவை நீட்டுகிறாள். அவன் தன்னிடமிருந்த காசைக் கொடுக்கிறான். மிச்சம் தர அவள் முனையும்போது, காரின் உரியவர் வந்து ஏற, கதவு மீண்டும் சாத்தப்படுகிறது, கார் போய்விடுகிறது. மிச்சத்தையும் வாங்காமல் சென்ற செல்வரை எண்ணி அவள் நிற்க, நாடோடி ஓசைப்படாமல் அடியெடுத்து விலகுகிறான்.

இக்காட்சி 342 முறை எடுக்கப்பட்டது என்பது திரையுலகில் வழங்கும் கணக்கு. அத்தனை முறை எடுப்பதற்கு அங்கு என்ன இருந்தது? கதவோசை ஒன்றுதான் இருந்தது. கதை முழுவதும் அவ்வோசையின் மீதே நிற்கிறது. ஆயினும் அதனைக் காண்போர் கேட்பதில்லை. கதவு மூடுவதையும், அவள் முகம் அத்திசை திரும்புவதையும் கண்டு உணர்கின்றனர். அவளுக்குச் செவி உண்டு, கண் இல்லை. காண்போர்க்குக் கண் உண்டு, செவி இல்லை. கேளாத ஓர் ஒலியைக் கொண்டு பேசாப் படத்தின் கதையை நடத்திய துணிவு வியக்கத்தக்கது.

இதையே பேசும் படமாக எடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஒருவன் வாய் திறந்த அளவிலேயே அவன் எக்குடியினன், எவ்வளவு கற்றவன் என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். கண்ணில்லாதவள் பேச்சைக் கூர்ந்து கேட்பவள். பலமுறை தன் வீட்டுக்கு வந்து பேசிய ஒருவனைச் செல்வன் என்று அவள் இறுதிவரை நம்பினாள் என்பதை யார் ஏற்பர்? அவன் எத்தகைய குரலில் பேசினான் என்பதைக் காண்போர் அறியாமையால்தான் அவளது மயக்கம் ஐயத்திற்கு இடமாகவில்லை. ஆதலின் பேச்சின்மை இங்கு ஒரு குறையன்று. அதை எடுத்துவிட்டால் கதையே நில்லாது.

படத்தில் நெகிழ்வான பகுதிகள் இல்லாமலில்லை. குடித்தபோது நாடோடியைத் தோழனென்று தழுவுவதும், தெளிந்தபோது யாரென்று கேட்பதுமாக இருக்கும் செல்வர் வரும் காட்சிகள் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் நன்று. குத்துச்சண்டைக் காட்சி சிரிப்பூட்டுவதில் ஈடற்றது. ஆனால் கதையை ஓரடியும் நகர்த்தவில்லை. எனினும் சாப்ளினுக்கு அளவு தெரியும். முதற்சந்திப்பின் முடிவில் நாடோடி அப்பெண்ணை மறைந்திருந்து கண்கொட்டாமல் பார்க்கிறான். காண்போர் உள்ளம் உருகத் தொடங்கும் அந்நொடியில், அவள் பாத்திரம் அலம்பிய நீரை வீச, அது அவன் முகத்தில் விழுகிறது! இரக்கம் மிகுந்து இனிப்பாகிவிடாமல் காக்கும் தண்ணீர் அது.

அச்செல்வர் குடிமயக்கத்தில் அளித்த 1,000 டாலரைக் கண் மருத்துவத்திற்காக அவளிடம் சேர்த்துவிட்டு, திருடன் என்ற பழியோடு நாடோடி சிறை செல்கிறான். சில திங்கள் கழித்து வெளிவரும்போது உடை முன்னினும் கந்தல். செய்தித்தாள் விற்கும் சிறுவர் அவனை எள்ளுகின்றனர். கண்பெற்ற பெண்ணோ இப்போது பூக்கடை நடத்துகிறாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவளும் சிரிக்கிறாள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் களன்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கூறினார். அடுத்து அழுகையை வைத்து, அதன் களன்களுள் வறுமையைச் சேர்த்தார். உள்ளத்து உணர்ச்சி உடம்பின் வழியே பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர்கள் விளக்கம். சாப்ளின் தொல்காப்பியம் அறிந்தவர் அல்லர். ஆயினும் அவ்வியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விறுதிக் காட்சியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எளிதில் கிட்டாது.

எள்ளி நகைத்தவள் இரங்கி, ஒரு பூவும் ஒரு காசும் கொண்டு வெளியே வருகிறாள். அவன் நழுவப் பார்க்கிறான். அவள் அவன் கையைப் பற்றிக் காசை வைத்து அழுத்துகிறாள். அக்கணமே அவள் முகத்தில் நகை மாய்ந்து மருட்கை தோன்றுகிறது. கண் அறியாத ஒருவனை விரல்கள் அறிந்துவிட்டன. விரல்கள் அவன் மேலுடையைத் தடவி உறுதி செய்கின்றன. அவனோ பூவைப் பிடித்த கையை வாயருகே வைத்து நிற்கிறான். அந்த ஒரு முகத்தில் உவகையும் அச்சமும் ஒருங்கே உள்ளன; இன்னது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. வசனம் எழுதுவோர் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாலும் இரண்டில் ஒன்று போயிருக்கும். அமெரிக்கத் திறனாய்வாளர் ஜேம்ஸ் ஏஜி 1949இல் ‘லைஃப்’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்நடிப்பை எல்லாவற்றிற்கும் மேலாக வைத்துப் போற்றினார். அது மிகையன்று.

படம் வெளிவந்த மறு ஆண்டு, 1932இல், சாப்ளின் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். பின்னர் 1936இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் அவர் குரல் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது. அதுவும் பொருளற்ற சொற்களால் ஆன பாட்டு. 1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் நெடுநேரம் பேசினார். கருத்து உயர்ந்ததே, ஆனால் அங்கு நடிகர் மறைந்து மேடைப் பேச்சாளர் வந்துவிட்டார். தமிழ்த் திரையுலகம் வசனத்தால் வளர்ந்தது. அதன் சிறப்பை யாரும் மறுக்க வேண்டுவதில்லை. அங்கும் 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த உரையாடலற்ற படம் வந்தது. தமிழில் அதற்கு இட்ட பெயர் ‘பேசும் படம்’. பெயரிட்டவர் நுட்பம் அறிந்தவரே.

‘சிட்டி லைட்ஸ்’ இறுதியில் அவளும் அவனும் பேசுவதைக் காட்ட மூன்றே எழுத்தட்டைகள் வருகின்றன. அவன்தானா என்று அவள் வியப்பது ஒன்று. கண் தெரிகிறதா என்று அவன் வினவுவது மற்றொன்று. தெரிகிறது என்பது அவள் விடை. ‘தெரிதல்’ என்னும் தமிழ்ச் சொல் காண்டலையும் அறிதலையும் ஒருங்கே குறிப்பதுபோல, அவ்விடையில் வரும் ஆங்கிலச் சொல்லுக்கும் அவ்விரு பொருளும் உண்டு. எதனை அவள் அறிந்துகொண்டாள், அறிந்தபின் அவனை ஏற்றாளா என்பதற்கு நான்காவது அட்டை இல்லை. அவன் முகத்தின் மீதே திரை இருள்கிறது.