புரோட்டோகாலும் இயல்புநிலைச் செயலாக்கமும்: ஸ்விஃப்ட் மொழியில் இல்லாத ஒரு சொல்

ஒரு தரவு வகையில் எந்தெந்த மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று பட்டியலிடும் ஒப்பந்தமே ஸ்விஃப்ட் நிரல்மொழியில் புரோட்டோகால் எனப்படுகிறது. ஜாவா, கோட்லின் மொழிகளில் இது இன்டர்ஃபேஸ் என்றும், ரஸ்ட் மொழியில் டிரெய்ட் என்றும் வழங்கும். 2015இல் வந்த ஸ்விஃப்டின் இரண்டாம் பதிப்பு, இப்பட்டியலில் உள்ள மெத்தட்டுக்கு இயல்புநிலைச் செயலாக்கம் தர வழிசெய்தது. வகை தனக்கென ஒன்றை எழுதாவிட்டால் இதுவே இயங்கும். ஒரே நிரலைத் திரும்பத் திரும்ப எழுதும் வேலை குறைந்தது. ஆனால், மெத்தட் விடுபட்டால் பிழை காட்டி நிறுத்தும் காவலும் அங்கே போயிற்று.

எடுத்துக்காட்டாக, ஒரு புரோட்டோகால் 'விவரம்' என்ற மெத்தட்டைக் கேட்கிறது. அதற்கு இயல்புநிலைச் செயலாக்கமும் உண்டு. 'மாணவர்' வகையை எழுதுபவர் அதை 'விபரம்' என எழுதிவிடுகிறார். பிழை எழாது. 'விபரம்' தனியே கிடக்க, இயல்புநிலை மெத்தட்டே இயங்கும். பெயர்கள் நெருங்கியிருந்தால் கம்பைலர் சில வேளை எச்சரிக்கும். அது ஊகமே தவிர விதியன்று.

வகுப்பு மரபுரிமையில் 'ஓவர்ரைடு' என்ற சிறப்புச்சொல்லைக் கட்டாயமாக்கிய இதே மொழி, புரோட்டோகாலில் அதைக் கேட்பதில்லை. கோட்லின் இரண்டிலும் கேட்கிறது. ஜாவாவில் 'ஓவர்ரைடு' குறிப்பு கட்டாயமில்லை. எழுதினால் கம்பைலர் சரிபார்க்கும்.

ஸ்விஃப்டின் பக்கமும் நியாயம் உண்டு. முன்பே எழுதிய வகையைப் பின்னர் தோன்றும் புரோட்டோகாலுடன் இணைக்க அது இடமளிக்கிறது. மெத்தட் எழுதப்பட்டபோது புரோட்டோகாலே இல்லாதிருந்தால் அச்சொல்லை எப்படிக் கேட்பது? ஆயினும் இது கட்டாயத்துக்கு எதிரான வாதம்தான். விரும்புவோர் எழுதக்கூடிய ஒரு சொல்லுக்கு எதிரானது அன்று.

ரஸ்ட் வேறு வழி காட்டுகிறது. 'இம்ப்ல்' என்ற சிறப்புச்சொல்லுடன் தொடங்கும் தொகுதி, டிரெய்ட்டின் பெயரையும் வகையின் பெயரையும் சொல்லிவிடும். டிரெய்ட்டில் இல்லாத மெத்தட்டை அதற்குள் எழுதினால் பிழை. பின்னர் இணைக்கும் வசதியும் கெடுவதில்லை. ஒவ்வொரு மெத்தட்டுக்கும் தனிச்சொல்லும் தேவையில்லை.

ஸ்விஃப்ட் பயில்வோர் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் உரிய மெத்தட்களைத் தனித்தனி எக்ஸ்டென்ஷனில் எழுதுவது நல்லது. எழுதியவரின் நோக்கம் படிப்பவருக்குத் தெரியும். அதைக் கம்பைலருக்கும் உறுதியாகத் தெரிவிக்க வழியில்லாததே இம்மொழியின் குறை.