நீட்டிப்பு என்ன விலை?

2011 நவம்பரில் என்பிசி தன்னுடைய அடுத்த அரைப் பருவத்துக்கான அட்டவணையை வெளியிட்டது. வியாழன் இரவு எட்டு மணிக் கட்டத்தில் 'கம்யூனிட்டி' இல்லை, '30 ராக்' இருந்தது. ரத்து என்று யாரும் சொல்லவில்லை. எப்போது திரும்பி வரும் என்றும் சொல்லவில்லை. டிசம்பர் 8 அன்று கிறிஸ்துமஸ் எபிசோட் போனது. அதற்கப்புறம் 14 வாரம் சத்தமே இல்லை. அந்த 14 வாரமும் ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: நாலாவது சீசன் உண்டா, இல்லையா?

உண்டு என்று 2012 மே மாதம் பதில் வந்தது. ஆனால் கேள்வியே அரைகுறை. உண்டா இல்லையா என்று கேட்டோம், உண்டு என்றார்கள். எது உண்டு என்று நாம் கேட்கவே இல்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. போலிப் பட்டத்தை வைத்து வக்கீல் தொழில் செய்து மாட்டிக்கொண்ட ஜெஃப் விங்கர், நிஜப் பட்டம் வாங்க கிரீண்டேல் என்ற மூன்றாந்தரக் கல்லூரியில் சேர்கிறான். பிரிட்டாவை மடக்க, இல்லாத ஒரு ஸ்பானிஷ் படிப்புக் குழுவை இருப்பதாகச் சொல்கிறான். குழு நிஜமாகவே கூடிவிடுகிறது. டான் ஹார்மன் உருவாக்கிய இந்த நகைச்சுவைத் தொடர் 2009 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த வருஷமே சிபிஎஸ் தன்னுடைய 'த பிக் பேங் தியரி'யை அதே வியாழன் எட்டு மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. பக்கத்துத் திரையில் திருவிழா நடக்கும்போது இவர்கள் தெருமுனையில் கூத்துக் கட்டிய கதை.

ரேட்டிங் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. அப்போதெல்லாம் நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளில் என்ன ஓடுகிறது என்று பார்த்து நாடு முழுவதற்கும் கணக்குச் சொன்னது. அதிலும் என்பிசிக்கு முக்கியம் 18லிருந்து 49 வயதுக்காரர்கள். 2007க்குப் பிறகு விளம்பர விலைக்கு அடிப்படையானது, ஒளிபரப்பான மூன்று நாட்களுக்குள் எத்தனை பேர் விளம்பர இடைவேளையைப் பார்த்தார்கள் என்ற எண். நிகழ்ச்சியைப் பார்த்தோமா என்று யாருக்கும் கவலையில்லை, விளம்பரத்தைப் பார்த்தோமா என்பதுதான் கணக்கு. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான வியாதி. எதை அளக்கச் சுலபமோ அதை அளப்போம், பிறகு அளந்ததையே தரம் என்று நம்ப ஆரம்பித்துவிடுவோம். டவுன்லோடு பண்ணி நாலு தடவை பார்த்த வெளிநாட்டு ரசிகனின் மதிப்பு அந்தக் கணக்கில் பூஜ்ஜியம்.

சரி, எண் மோசம் என்றால் ஏன் நீட்டித்தார்கள்? ரசிகர்கள் போராடியதால் என்று ஒரு அழகான கதை உண்டு. டிசம்பர் குளிரில் நியூயார்க்கில் என்பிசி தலைமையகத்தின் முன்னால் கருப்பு ஒட்டுத்தாடியோடு கூடிப் பாடினார்கள், நிஜம்தான். ஆனால் கணக்கு வேறு இடத்தில் இருந்தது. தொடரைத் தயாரித்ததில் சோனிக்குப் பங்கு. பழைய எபிசோடுகளை மறு ஒளிபரப்புக்கு மொத்தமாக விற்றால்தான் அந்த மாதிரி நிறுவனம் போட்ட காசை எடுக்கும். அதற்கு எண்ணிக்கை நூறை ஒட்டி வர வேண்டும் என்பது தொழில் வழக்கம். மூன்றாவது சீசன் முடிவில் கையிலிருந்தது 71. எழுபத்தொன்றில் நிறுத்த எந்த வியாபாரிக்கு மனசு வரும்? இன்னொரு பக்கம் என்பிசி பல வருஷமாக நாலாவது இடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. தூக்கி எறிந்தால் அந்த இடத்தில் வைக்க வேறு சரக்கு வேண்டுமே.

2018இல் இதே பாடம் இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை ஃபாக்ஸ் ரத்து செய்த மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. அதைத் தயாரித்தது என்பிசியின் சொந்த வீட்டு நிறுவனமான யுனிவர்சல். எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதோடு, சிரிப்பு யாருக்குச் சொந்தம் என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒரு தொடர் பிழைத்ததை அதன் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவதும், செத்ததைத் தியாகமாகக் கொண்டாடுவதும் விமர்சனம் ஆகாது.

விமர்சனம் தொடங்க வேண்டிய இடம், அந்த இடைவேளைக்கு முன்னும் பின்னும் தொடர் என்ன செய்துகொண்டிருந்தது என்பது.

அட்டவணை வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2011 அக்டோபர் 13 அன்று வந்தது 'ரெமீடியல் கேயாஸ் தியரி'. ட்ராயும் ஏபெடும் புது வீட்டில் நண்பர்களுக்கு விருந்து வைக்கிறார்கள். பீட்சா வந்துவிட்டது, கீழே போய் வாங்க வேண்டும். யார் போவது என்று ஜெஃப் தாயக்கட்டையை உருட்டுகிறான். ஒவ்வொருவராக எழுந்து போக, அந்த ஒருவர் இல்லாத அறை எப்படி மாறுகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ட்ராய் போனால் வீடு பற்றி எரிகிறது, பியர்ஸ் குண்டடிபட்டுச் சாகிறார்; ரசிகர்கள் ஒட்டிக்கொண்ட தாடி அங்கிருந்து வந்ததுதான். ஜெஃப் போனால்? மிச்சப் பேர் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். எல்லோரையும் கட்டுக்குள் வைத்திருப்பவன் வெளியே போனால் அறை சந்தோஷமாகிவிடுகிறது. இருபத்திச்சொச்சம் நிமிஷத்தில் ஒரு நட்பின் முழு வரைபடம். அந்த அறையில் ஒருவரை எடுத்துவிட்டால் எல்லாமே வேறு என்பதுதான் எபிசோட் சொல்வது. எழுதியவர்களுக்கே அது எவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று தெரிந்திருக்காது.

இடைவேளை முடிந்து 2012 மார்ச் 15 அன்று தொடர் திரும்பியது. இரண்டு வாரம் கழித்து வந்த எபிசோடில் கல்லூரிக்குள் சப்வே கடை வருகிறது. கடை மாணவருடையதாக இருக்க வேண்டும் என்று கல்லூரி விதி. அதனால் நிறுவனம் ஒரு இளைஞனையே சட்டப்படி 'சப்வே' ஆக்கி மாணவனாகச் சேர்த்துவிடுகிறது. பேர் சப்வே, சாப்பிடுவதும் சிபாரிசு செய்வதும் சப்வே. பிரிட்டா அவனைக் காதலித்துத் தொலைக்கிறாள். நிறுவனம் கண்டுபிடித்ததும் அவன் காணாமல் போகிறான். மறுநாள் அதே பெயரில் வேறொருவன் வந்து நிற்கிறான். விளம்பரதாரர் தயவில் மூச்சு விடும் ஒரு தொடர், அந்த விளம்பரதாரரையே கதாபாத்திரமாக்கி, அவன் மேல் நமக்கு இரக்கம் வரவைத்து, கடைசியில் ஆளை மாற்றினாலும் பெயர்ப்பலகை மாறாது என்று காட்டிவிட்டது. பயத்தை மறைக்காமல் அதையே மாவாகப் பிசைந்து சுட்ட பலகாரம். சும்மா சொல்லக் கூடாது, தொடரின் உச்சங்களில் ஒன்று.

இரண்டே மாதத்தில் அது நிஜமாக நடந்தது. மே 17 அன்று மூன்றாவது சீசன் முடிந்தது. மறுநாள் ஹார்மனை நீக்கிய செய்தி வந்தது. நீட்டிப்பு கொடுத்தது 'கம்யூனிட்டி' என்ற பெயருக்கு. அதே மேஜை, அதே நாற்காலிகள், வேறு ஆட்கள் எழுத்து.

நாலாவது சீசன் 2013 பிப்ரவரியில் வந்தது. அதன் கடைசி எபிசோடைப் பாருங்கள். ஒட்டுத்தாடிக் காலவரிசை திரும்பி வருகிறது, முதல் சீசனில் கொண்டாடப்பட்ட பெயின்ட்பால் சண்டையும் கூடவே. ரசிகர்களுக்குப் பிடித்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்தாயிற்று. ஆனால் பழைய தாயக்கட்டை ஒரு கேள்வி கேட்டது: நீ இல்லாவிட்டால் இந்த அறை என்ன ஆகும்? புதிய எபிசோடில் தாடி இருக்கிறது, கேள்வி இல்லை. எல்லாம் ஜெஃப்பின் கற்பனை என்று முடித்துவிடுகிறார்கள். புது எழுத்தாளர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது நாம் கூச்சல் போட்டுக் கேட்ட பட்டியல். பட்டியலில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஐந்தாவது சீசனுக்கு ஹார்மன் திரும்பினார். நாலாவது வருஷம் கல்லூரியில் வாயுக் கசிவு என்று ஒரே நக்கலில் அந்த சீசனைக் கடந்தார். ஆனால் அதற்குள் பியர்ஸ் இல்லை, ஐந்தே எபிசோடில் ட்ராயும் போய்விட்டான். 2014 மே மாதம் என்பிசி ரத்து செய்தது. நடிகர்களின் ஒப்பந்தம் முடிய இருந்த ஜூன் 30 அன்று யாஹூ எடுத்துக்கொண்டது. ஆறாவது சீசன் 2015இல் இணையத்தில் வந்தது. அந்த வருஷமே யாஹூ தன் சொந்த நிகழ்ச்சிகளுக்காக 4.2 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது.

மூன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. பாதி ஒத்துக்கொள்வேன். மீதியை ஒத்துக்கொள்ள விடாமல் தடுப்பது ஆறாவது சீசனின் கடைசி எபிசோட். மிச்சமிருப்பவர்கள் கூடி, ஏழாவது சீசன் வந்தால் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொன்று கற்பனை செய்கிறார்கள். ஜெஃப்பின் கற்பனையில் யாரும் கிரீண்டேலை விட்டுப் போவதில்லை. நீட்டிப்பு கேட்டு நின்ற ரசிகனின் முகத்தைத்தான் அவனுக்கு வைத்திருக்கிறார்கள். ஏபெட் அவனுக்குப் பொறுமையாகப் புரியவைக்கிறான்: தொலைக்காட்சி என்பது பழகிய நண்பன் மாதிரி, சில நாள் அதற்கும் உடம்பு சரியில்லாமல் போகலாம். பிறகு ஆனியும் ஏபெடும் வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். ஜெஃப் வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறான்.

அன்று தாயக்கட்டையை உருட்டியவனுக்கு, ஒருவர் எழுந்து போனால் அறை மாறத்தான் செய்யும் என்று புரிய நாலு வருஷம் பிடித்தது. நடுவில் ஒரு வாயுக் கசிவும் தேவைப்பட்டது. அந்தப் புரிதல் மூன்றாவது சீசனின் முடிவில் கிடைத்திருக்காது, ஏனென்றால் அப்போது இன்னும் யாரும் போயிருக்கவில்லை.

2022 செப்டம்பரில் பீக்காக் இதன் படத்தை அறிவித்தபோது நானும் குதித்தேன். வேறெந்தத் தொடர் அந்தரத்தில் தொங்கினாலும் 'காப்பாற்றுங்கள்' என்று எழுதத்தான் போகிறோம். கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: எழுதுகிறவர் யார்?