மெழுகு மூடிய துணியில் அவுரி நீலம்

விருத்தாசலத்துக்கு இன்று பீங்கானால் பெயர். அந்த ஊர் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டம் ஒரு காலத்தில் அவுரி விளைந்த சீமை. கிழக்கே கடற்கரையில், பூவேலைச் சீட்டித் துணிகளுக்கு நீலம் ஏற்றும் முறையை 1730களில் புதுச்சேரியில் பொலியூ என்ற பிரெஞ்சு அதிகாரி துணி மாதிரிகளோடு பதிவுசெய்தார். 1742இல் கேர்து என்ற பாதிரியாரும் அதைக் கடிதமாக எழுதினார். அந்த முறையின் நிறைகுறைகள் இன்றைக்கும் பொருந்துகின்றன.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. இந்த முறையில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்கவைத்துக் கரைப்பார்கள். துணியை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாகும். கரைசல் காற்றிலேயே நிறம் மாறிவிடுவதால் அதைத் தூரிகையில் தொட்டு எழுதுவது கடினம். ஐரோப்பியர் அரிதாரம் என்ற ஆர்சனிக் நஞ்சைக் கலந்து எழுதிப் பார்த்தார்கள். நம் சாயக்காரர்கள் நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, துணியையே தாழியில் முக்கினார்கள். சாயவேர்ச் சிவப்புக்குக் கொதிநீர் வேண்டும், அதில் மெழுகு உருகிவிடும். அவுரித் தாழிக்கு வெதுவெதுப்பே போதும். சிவப்பை, சாயம் பிடிக்கவைக்கும் படிகாரத்திடமும் நீலத்தை மெழுகிடமும் ஒப்படைத்ததில் இருக்கிறது இந்த மரபின் அறிவு.

குறையும் அங்கேயே இருக்கிறது. நாலு நீலப் பூவுக்காக முழுத் துணிக்கும் மெழுகு பூச வேண்டும், பிறகு வெந்நீரில் அதை எடுக்க வேண்டும். உழைப்பு, விறகு, தண்ணீர் மூன்றும் கரைகின்றன. ஒரே தாழியில்கூட இன்றைய நீலம் நாளை வராது. அழுத்தமான நீலம் தேய்த்தால் கையிலும் ஒட்டும்.

'இயற்கை நீலம்' என்ற விளம்பரம் இவற்றைப் பேசுவதில்லை. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலத்தின் முதன்மை மூலக்கூறும் இலை தருவதும் ஒன்றே. இலையிலிருந்து வந்த நீலத்தையும் ஹைட்ரோசல்பைட் போட்டுக் கரைத்தால் கழிவுநீரில் வேதிப்பொருள் சேரத்தான் செய்யும். ஆகவே வாங்குபவர் இலையை மட்டும் கேட்டால் போதாது. தாழியில் என்ன போட்டார்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும்.

நீலம் தரையாகவும் வெள்ளை கோலமாகவும் அமையும் துணிக்கு இந்த முறை மிகப் பொருத்தம். மெழுகும் குறைவாகவே செலவாகும். வெள்ளைத் தரையில் சிறு நீலப் பூ கேட்பவர், அந்தப் பூவுக்கு மட்டுமல்லாமல் துணி முழுவதையும் மூடிய கைக்கும் கூலி தர வேண்டும். அதைத் தராத சந்தையில் இந்த மரபைப் போற்றுவதில் பொருளில்லை.